ஓர் ஆங்கிலச் சொல்லைத் துருவி எழுதுவது எப்படி? ‘செக்’கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு காலைகளில் பெங்களூரு அல்சூரில் ஒரு மொட்டைமாடி அறையில் ஏழெட்டுப் பேருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தருகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் செயலிகளையும் படிவங்களையும் தமிழாக்கித் தருகிறவர்கள். மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று பல திசைகளிலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் முதலில் தரும் வேலை ஒன்றுதான்: பழகிப்போன ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பொருள்கள், புழக்கம், பிறப்பு மூன்றையும் துருவி எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பெரும்பாலோர் பிறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். வழுக்குவது அங்கேதான். சொல் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துவிட்டால், எல்லாப் பொருளையும் அந்த மூலத்துக்குள் இழுத்துத் திணிக்கத் தோன்றும். அதனால் நான் வலியுறுத்தும் வரிசை இது: வாக்கியங்கள், குழுக்கள், அகராதி, துணைச்சொற்கள், ஊர், காலம், வேர், கடைசியில் தமிழ். கீழே ‘செக்’ என்ற சொல்லை வைத்து ஒவ்வொரு படியையும் காட்டுகிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அஞ்சலட்டை அளவில் வெட்டிய வெற்று அட்டைகள் அறுபது. நோட்டுப்புத்தகம் வேண்டாம். வாக்கியங்களைப் பின்னால் கலைத்து அடுக்க வேண்டியிருக்கும். நோட்டில் எழுதியதைக் கலைக்க முடியாது. கணினி அட்டவணையில் எழுதுவேன் என்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் தரையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்தவர்கள்தான் இதுவரை நல்ல குழுக்களைப் பிரித்திருக்கிறார்கள்.

கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்று. சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பே போதும். சாதாரணச் சொற்களின் பொருள் பத்து வருடத்தில் பெரிதாகப் புரண்டுவிடாது.

வரலாற்று அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் வருடிய பக்கங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘சி’ எழுத்துக்கான தொகுதி 1893இல் வந்தது. நமக்கு வேண்டியது அதுதான்.

நம் பக்கத்து அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, ஸ்டைங்காஸின் பாரசீக அகராதி ஆகியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் காசு கொடுக்காமல் தேடலாம். இவை எட்டாம் படியில்தான் தேவைப்படும். அதுவரை திறக்காதீர்கள். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

2. அகராதியைத் தொடாமல் வாக்கியம் சேருங்கள்

முதல் வாரம் முழுவதும் இதுதான் வேலை. கண்ணில் படும், காதில் விழும் ஒவ்வொரு ‘செக்’கையும் முழு வாக்கியமாக ஓர் அட்டையில் எழுதுங்கள். எங்கே, எப்போது, யார் சொன்னது என்பதை மூலையில் குறியுங்கள். இடம் தெரியாத வாக்கியம் ஆறாம் படியில் எதற்கும் உதவாது.

பெங்களூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஓசூர் சாலையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட். விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டர். லாட்ஜ் வரவேற்பறையில் ‘செக்-அவுட் 12 மணி’ என்ற பலகை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தொங்கும் செக் சட்டை. வங்கியில் செக் புத்தகம். ஆய்வகத்தில் ‘முழு உடல் செக்-அப்’. பஸ்ஸில் திடீரென்று ஏறும் டிக்கெட் செக்கிங். அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் அறையில் செக் வால்வு. கிராமத்துச் செய்தியில் செக் டேம். அலுவலகத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை ‘செக் செய்து சொல்கிறேன்’. பூங்காவில் சதுரங்கம் ஆடுபவர் உரக்கச் சொல்லும் ‘செக்!’.

குறைந்தது நாற்பது அட்டை சேரட்டும். ஏன் நாற்பது? முதல் இருபதும் எல்லோருக்கும் தெரிந்த ‘சரிபார்’ என்ற பொருளிலேயே வந்துவிடும். விசித்திரங்கள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

இங்கே நடக்கும் தவறு, சொந்தமாக வாக்கியம் புனைவது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் ஒரு தம்பி ஒரே இரவில் நாற்பது வாக்கியம் எழுதி வந்தார். நாற்பதிலும் ஒரே பொருள். அவருக்குத் தெரிந்த பொருளை அவரே நாற்பது முறை எழுதியிருந்தார். சொல் நமக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டுமென்றால், வாக்கியம் வேறொருவர் வாயிலிருந்து வர வேண்டும்.

3. அட்டைகளைப் பரப்பிக் குழு பிரியுங்கள்

இப்போதும் அகராதி வேண்டாம். ஒவ்வொரு அட்டையிலும் ‘செக்’கை மூடிவிட்டு, அந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று பாருங்கள். ஒரே தமிழ்ச் சொல் பொருந்தும் அட்டைகளை ஒன்றாக அடுக்குங்கள். தமிழைக் கொண்டு பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் மறைந்துகிடக்கும் பிளவுகளை வேறொரு மொழிதான் வெளியே காட்டும்.

செக் டேம் என்பது தடுப்பணை. தண்ணீரைச் சோதிக்கும் அணை இல்லை. செக் வால்வு தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு. செக் சட்டை கட்டம் போட்ட சட்டை. செக் புத்தகம் காசோலைப் புத்தகம். டிக்கெட் செக்கிங் பரிசோதனை. ‘ஹோல்ட் இன் செக்’ என்றால் கட்டுக்குள் வைப்பது. சதுரங்கச் செக் அரசனைத் தாக்குவதாக அறிவிப்பது. இப்படி ஆறேழு குவியல் விழும்.

நாளிதழ் தலையங்கத்தில் ‘செக்ஸ் அண்டு பேலன்சஸ்’ என்று வந்ததை வகுப்பில் ஒருவர் ‘காசோலைகளும் இருப்புத் தொகையும்’ என்று மொழிபெயர்த்தார். அரசின் ஒரு பிரிவை இன்னொரு பிரிவு கட்டுப்படுத்தும் ஏற்பாடு, அவர் கையில் வங்கிக் கணக்காகிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் ‘பேலன்ஸ்’ என்ற பக்கத்துச் சொல் எவரையும் வங்கிப் பக்கம் தள்ளிவிடும். அட்டைகளை முன்பே பிரித்து வைத்திருந்தால் ‘கட்டுப்பாடு’ என்ற குவியல் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

எந்தக் குவியலிலும் சேராத அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். தனியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். என் உறையில் அப்படி நின்றது அத்திப்பள்ளி செக்போஸ்ட். அது தடுக்கும் இடமா, சோதிக்கும் இடமா? வண்டியை நிறுத்தினால்தான் பார்க்க முடியும், பார்ப்பதற்காகத்தான் நிறுத்துகிறார்கள். தமிழில் சோதனைச்சாவடி என்கிறோம், பாதியைத்தான் சொல்கிறோம். எந்தக் குவியலிலும் சேராத இந்த அட்டைதான் ஏழாம் படியில் முழுக் கதையையும் திறந்துவிட்டது.

4. இப்போது அகராதி, ஆனால் எண்களை நம்பாதீர்கள்

கற்போர் அகராதியைத் திறந்து, உங்கள் குவியல்களை அதிலுள்ள பொருள்களோடு ஒப்பிடுங்கள். அகராதியில் இருந்து உங்களிடம் இல்லாதது எது, உங்களிடம் இருந்து அகராதியில் இல்லாதது எது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். முதலாவது நீங்கள் தவறவிட்டது. இரண்டாவது உள்ளூர்ப் புழக்கமாக இருக்கலாம், உங்கள் பிழையாகவும் இருக்கலாம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் பொருள்களுக்கு முன்னால் உள்ள எண். எல்லா அகராதியும் ஒரே கணக்கில் எண் போடுவதில்லை. கற்போர் அகராதிகள் பொதுவாக அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். மெரியம்-வெப்ஸ்டர் பழைய பொருளை முதலில் வைக்கும். அதில் ‘செக்’ என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால் சதுரங்கத்தில் அரசன் தாக்குதலுக்கு உள்ளாவதுதான் முதலில் வரும். ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, ‘செக் என்பதன் முதன்மைப் பொருள் சதுரங்கத் தாக்குதல்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். ‘அகராதியிலேயே ஒன்று என்று போட்டிருக்கிறதே சார்’ என்றார். போட்டிருப்பது வயதின் வரிசை. அகராதியின் முன்னுரையில் இந்த விதியை எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. இரண்டே பக்கம். படியுங்கள்.

5. ஒட்டிக்கொள்ளும் சிறுசொற்களைத் தனியே எடுங்கள்

ஆங்கில வினைச்சொல் தனியாக நடமாடுவது குறைவு. பின்னால் ஒரு சிறுசொல் ஒட்டிக்கொண்டு பொருளைத் திருப்பிவிடும். ‘செக் வித்’ என்றால் ஒருவரைக் கேட்டு உறுதிசெய்வது. ‘செக் ஆன்’ என்றால் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து வருவது. ‘செக் ஃபார்’ என்றால் இருக்கிறதா என்று தேடுவது. ‘செக் அகேன்ஸ்ட்’ என்றால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது. நான்கையும் ‘சரிபார்’ என்று எழுதினால் ‘பாட்டியைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன்’ என்று வந்து நிற்கும். வந்தும் இருக்கிறது.

செக்-இன், செக்-அவுட் இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். லாட்ஜில் செக்-அவுட் என்றால் அறையைக் காலி செய்து வெளியேறுவது. அமெரிக்க நூலகத்தில் புத்தகத்தைச் செக்-அவுட் செய்தால் இரவல் எடுத்துப் போவது. இணையக் கடையில் பணம் கட்டும் பக்கம். நம் ஊர் மென்பொருள்காரர்களுக்குக் களஞ்சியத்திலிருந்து நிரல் பிரதியை வேலைக்கு எடுப்பது. வேலை முடித்து உள்ளே சேர்ப்பது செக்-இன்.

இவற்றில் ஒரு பொது இழை இருக்கிறது. எல்லாமே ஒரு பதிவேட்டைத் தாண்டும் செயல்கள். யார் உள்ளே வந்தார், எது வெளியே போயிற்று என்று ஒரு கணக்கில் குறிக்கப்படுகிறது. ஆள் போனாலும் புத்தகம் போனாலும் பெயர் பதிவாகும். இப்படி ஒரு இழை கிடைத்தால் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், இது இன்னும் ஊகம்தான்.

6. எந்த ஊர் ஆங்கிலம் என்று குறியுங்கள்

நம் கையில் வரும் மூலங்களில் பாதி அமெரிக்க ஆங்கிலம். பள்ளியில் படித்ததோ பிரிட்டிஷ் வழி வந்தது. ‘செக்’கில் இந்த இரண்டும் மோதுகின்றன.

பணம் தரும் தாளை அமெரிக்கர் கே எழுத்தில் முடியும் சாதாரண ‘செக்’ ஆகவே எழுதுவார்கள். பிரிட்டிஷாரும் நாமும் க்யூ-யூ-இ போட்டு எழுதுகிறோம். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு காசோலையை வரையறுக்கும்போது இந்த எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறது. அமெரிக்க உணவகத்தில் ‘செக்’ கேட்டால் சாப்பாட்டு பில் வரும். நம் ஊர் தர்ஷினி என்ற துரித உணவகங்களில் முன்னாலேயே பணம் கட்டி டோக்கன் வாங்குவதால் இந்தப் பொருள் நமக்குப் பிடிபடுவதே இல்லை.

செயலி மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தப் படியில் ஒரு பள்ளம் உண்டு. ‘செக் தி பாக்ஸ்’ என்று அமெரிக்கப் படிவத்தில் வந்தால் கட்டத்தில் டிக் போடு என்று பொருள். ‘பெட்டியைச் சரிபார்க்கவும்’ என்று தமிழில் வந்த படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர் எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாரோ தெரியாது. இதோடு ‘அன்செக்டு’ என்ற எதிர்ச்சொல்லையும் பாருங்கள். கட்டம் அன்செக்டு என்றால் டிக் செய்யப்படாதது. அறிக்கை அன்செக்டு என்றால் சரிபார்க்கப்படாதது. ஊழல் அன்செக்டு என்றால் கட்டுக்கடங்காதது. எதிர்ச்சொல்லைச் சோதிப்பது குழுப்பிரிப்பு சரியா என்று பார்க்க நல்ல வழி; ஒரே சொல்லின் மூன்று எதிர்ச்சொற்கள் தமிழில் மூன்றாகப் பிரிந்தால் பொருளும் மூன்றுதான்.

‘ரெயின் செக்’ என்ற தொடரும் இங்கே சேரும். 1880களில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க உதவும் டிக்கெட் துண்டுக்கு வந்த பெயர் அது. இப்போது ஓர் அழைப்பை ‘இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதற்குச் சொல்கிறார்கள். சின்னசாமி ஸ்டேடியத்தில் மழை பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டின் அருமை உடனே புரியும். ‘மழைச் சரிபார்ப்பு’ என்று எழுதினால் எவருக்கும் புரியாது.

7. காலவரிசையில் அடுக்குங்கள்

குவியல்கள் தயார், ஊரும் குறித்தாயிற்று. இப்போது வரலாற்று அகராதியைத் திறந்து, ஒவ்வொரு குவியலுக்கும் மிகப் பழைய சான்று எந்தக் காலத்தது என்று எழுதுங்கள். பிறகு குவியல்களை வயதுப்படி இடமிருந்து வலமாகத் தரையில் வையுங்கள். எந்தப் பொருளிலிருந்து எது கிளைத்தது என்பதை வயது தெரியாமல் சொல்ல முடியாது. மகனைத் தந்தைக்கு முன்னால் வைத்துக் கதை சொல்லிவிடுவோம்.

‘செக்’கில் சதுரங்கச் சொல்தான் மூத்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஒரு கவிதையில் விதி என்ற பெண் ஒருவனோடு சதுரங்கம் ஆடி, ‘செக்’ என்றும் ‘மேட்’ என்றும் சொல்லி அவனை வீழ்த்துகிறாள். சதுரங்கத்தில் செக் சொன்னால் எதிராளி தன் திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அரசனைக் காக்க வேண்டும். அந்த ‘நின்றுபோதல்’ பலகையை விட்டு இறங்கித் தடை, பின்னடைவு, தடுத்தல், கட்டுப்படுத்தல் என்று பரவியது. நம் தடுப்பணையும் செக் வால்வும் இந்தக் கிளை.

தடுத்தலிலிருந்து சரிபார்த்தலுக்குத் தாண்டியது எப்படி? வகுப்பில் எல்லோரும் மலைத்துப்போய் நிற்பது இங்கேதான். உறையில் போட்ட செக்போஸ்ட் அட்டையை எடுங்கள். தவறையும் மோசடியையும் தடுப்பதற்கு ஒரே வழி, ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தடுப்பதற்காகப் பார்த்தார்கள். நாளடைவில் தடுப்பது மங்கி, பார்ப்பது மட்டும் நின்றது. ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகத் தென்படுகிறது. இன்று நாம் முதலாவதாக நினைக்கும் பொருள் உண்மையில் பின்னால் பிறந்த பிள்ளை.

காசோலையும் இதே வீட்டில் பிறந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது பணப் பத்திரத்தின் அடிக்கட்டையைக் குறித்தது. பத்திரத்தைத் திருத்தி ஏமாற்றினால் அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்துப் பிடித்துவிடலாம். மோசடிக்கு அது ஒரு தடை. அடிக்கட்டையின் பெயர் பிறகு தாளுக்கே போய்விட்டது. க்யூ-யூ-இ எழுத்துக்கூட்டல் அதற்கும் பின்னால், ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலில் ஒட்டிக்கொண்டது.

இந்தப் படியில் இரண்டு எச்சரிக்கைகள். அகராதி தரும் ஆண்டு, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் ஆண்டு. சொல் அன்று பிறந்தது என்று எழுதாதீர்கள். அதற்கு முன்பே வாய்ப்பேச்சில் இருந்திருக்கும். இரண்டாவது, கூகுள் புத்தகச் சொல்வரைபடம். புத்தகங்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று காட்டும், 2010இல் வந்த இந்தக் கருவியில் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் போட்டு, ‘உலகம் முழுவதும் அமெரிக்க எழுத்துக்கூட்டலே வென்றுவிட்டது’ என்று ஒருவர் முடிவு கட்டினார். கே-யில் முடியும் சொல்லில் சட்டையும் சதுரங்கமும் சரிபார்ப்பும் எல்லாம் அடங்கியிருக்கின்றன. க்யூ-யூ-இயில் காசோலை மட்டும்தான். ஒரு கூடை காய்கறியை ஒரு கத்தரிக்காயோடு எடைபோட்ட கதை. சொல்லைத் தனியாகத் தேடாமல் ‘பவுன்ஸ்டு’ (பணமின்றித் திரும்பிய) போன்ற ஒரு பக்கத்துச் சொல்லோடு சேர்த்துத் தேடினால் ஓரளவு நியாயமான ஒப்பீடு கிடைக்கும்.

8. வேரைத் தோண்டுங்கள்

பொருள்களின் வரிசை கையில் இருப்பதால், இனி வேர் எந்த முனையில் சேர வேண்டும் என்று தெரியும்: சதுரங்க முனையில். இது தெரியாமல் தோண்டினால் எந்த வேர் கிடைத்தாலும் நம்பிவிடுவோம்.

ஒவ்வொரு கணுவாகப் பின்னால் போங்கள். ஆங்கில ‘செக்’ பழைய பிரெஞ்சின் ‘எஷெக்’கிலிருந்து வந்தது. அது இடைக்கால லத்தீன் ‘ஸ்காக்கஸ்’ஸிலிருந்து. அது அரபு வழியாகப் பாரசீகத்தின் ‘ஷா’விலிருந்து. ஷா என்றால் அரசன். ‘அரசனைப் பார்த்துக்கொள்’ என்ற கூப்பாடுதான் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது. இன்றைய பிரெஞ்சில் அதே சொல்லுக்குத் தோல்வி என்றும் பொருள். சதுரங்கத்துக்கும் அதன் பன்மைதான் பெயர். ஆங்கிலச் ‘செஸ்’ என்பதும் பழைய பிரெஞ்சில் ‘செக்’கின் பன்மை. சிவாஜி நகர் சந்தில் உருது பேசுபவர்கள் சதுரங்கம் ஆடுவதைக் கவனித்தால் ‘ஷஹ்’ என்று சொல்வது காதில் விழும். ஆங்கிலத்துக்குப் போகாமல் நேராக நம் பக்கம் வந்த கிளை அது.

ஒவ்வொரு கணுவுக்கும் தனி அட்டை போடுங்கள். ஒன்றை விட்டுத் தாவினால் உச்சரிப்பு ஏன் மாறியது என்று விளக்க முடியாமல் போகும். ‘ஷா’விலிருந்து ‘செக்’குக்கு ஒரே தாவலில் போனால் யார் நம்புவார்கள்? நடுவில் ‘ஸ்காக்கஸ்’ நின்றால் ‘க்’ எங்கே நுழைந்தது என்று தெரிகிறது.

கட்டம் போட்ட சட்டை இந்தக் கட்டத்தில்தான் இடம்பிடிக்கும். சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’. அதிலிருந்து பிரெஞ்சு வழியாகச் ‘செக்கர்’ என்ற கட்டப் பலகை. அதன் குறுக்கம் கட்டத் துணி. மெட்ராஸ் செக்ஸ் என்று உலகம் முழுவதும் விற்கும் நம் ஊர்த் துணியின் பெயரில் பாரசீக அரசன் உட்கார்ந்திருக்கிறான். அதே ‘ஸ்காக்காரிய’த்திலிருந்துதான் இங்கிலாந்தின் கருவூலப் பெயரான ‘எக்ஸ்செக்கர்’ வந்தது. 1170களின் இறுதியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிய விளக்கத்தில், ஏறத்தாழ பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை, அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி, கோடுகளுக்கு இடையே கணக்குக் காய்கள் என்று அந்த மேசையைப் பார்க்க முடிகிறது. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்தத் துணி இன்றும் தொங்குகிறது. அந்தச் சொல்லின் முன்னால் உள்ள ‘எக்ஸ்’ லத்தீன் முன்னொட்டு இல்லை; பிரெஞ்சு ‘எஸ்’ஸைத் தவறாக லத்தீன் என்று எண்ணித் திருத்தியதில் வந்தது. எழுத்துக்கூட்டலை வைத்து வேர் சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

9. கவர்ச்சியான வேர்களை வடிகட்டுங்கள்

நான் அதிகம் சண்டை போடும் படி இது.

‘செக் என்பது நம் செக்குதான் சார். செக்கில் ஆட்டி எடுப்பது மாதிரி ஆராய்வது’ என்று வருடத்துக்கு ஒருவராவது சொல்வார். செக்கு நல்ல தமிழ்ச் சொல். எண்ணெய் ஆட்டும் பொறி. மலையாளத்தில் சக்கு. ஆனால் ஒலி ஒத்துப்போவதைத் தவிர வேறு சான்று ஒன்றும் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள். மிகப் பழைய பொருளோடு பொருந்துகிறதா? செக்கு ஆராய்தலோடு பொருந்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஆராய்தல் பிந்திய பொருள். சதுரங்கத்தோடு செக்குக்கு என்ன உறவு? சொல் பயணம் செய்த வழி தெரிகிறதா? இடைக்கணுக்களின் உச்சரிப்பு ஒத்துவருகிறதா? மூன்றிலும் செக்கு தோற்றுவிடும். ஏழாம் படியை எட்டாம் படிக்கு முன்னால் வைத்ததன் பலன் இதுதான்.

இன்னொரு பிழை நுட்பமானது. சதுரங்கம் இந்தியாவில் தோன்றிய ஆட்டம், ஆகவே ‘செக்’கும் இந்தியச் சொல் என்பார்கள். ஆட்டம் இங்கிருந்து பாரசீகம் போனது உண்மை. வடமொழிச் ‘சதுரங்க’ என்ற பெயரும் பாரசீகத்தில் ‘சத்ரங்’, அரபில் ‘ஷத்ரஞ்ச்’ என்று மாறிப் பயணம் செய்தது. ஸ்பானிய மொழியில் சதுரங்கத்தின் பெயரான ‘அகெத்ரெஸ்’ஸில் அது இன்னும் இருக்கிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு அரசனின் பெயரைப் பிடித்துக்கொண்டன. பொருளின் ஊர் வேறு, பெயரின் ஊர் வேறு.

‘ஷா’வுக்கும் பின்னால் போகிறவர்களுக்கு: பழைய பாரசீகக் கல்வெட்டுகளில் அரசனைக் குறிக்கும் சொல்லும், ‘க்ஷத்திரிய’ என்ற வடமொழிச் சொல்லும் ஒரே வேர்க் குடும்பம். ‘அப்படியானால் செக் க்ஷத்திரியனிலிருந்து வந்தது’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். பெரியப்பா மகன் நமக்கு அப்பா ஆகமாட்டார்.

செக்மேட்டின் ‘மேட்’டுக்கு இரண்டு விளக்கம் பார்ப்பீர்கள். அரபில் ‘இறந்தான்’ என்று ஒன்று. பாரசீகத்தில் ‘செயலற்றுப்போனான்’ என்று ஒன்று. சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை, நகர வழியின்றி நிற்கிறான் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அட்டையில் இரண்டையும் எழுதி, எது உங்கள் கருத்து என்று தனியே குறியுங்கள்.

10. தமிழில் பதிவை எழுதுங்கள்

முதலில் பொருள்கள், புழக்க வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சேகரித்த வாக்கியம் ஒன்று, அதற்குப் பொருந்தும் தமிழ்ச் சொல் ஒன்று. அடுத்து ஊர்க்குறிப்பு. அதன் பிறகு கால வரிசை. கடைசியில் வேர். அவசரத்தில் இருப்பவருக்கு வேர் வேண்டாம். தடுப்பணையா சோதனை அணையா என்பதுதான் வேண்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். காசோலை அழகான ஆக்கம். காசும் ஓலையும் சேர்ந்து உடனே விளங்குகிறது. செக்-இன்னுக்கு அப்படி ஒன்று இன்னும் நிலைக்கவில்லை. லாட்ஜ் செயலியில் ‘அறைப் பதிவு’ என்று எழுதலாம், முன்பதிவோடு குழம்பும். விமானச் செயலியில் நான் ‘செக்-இன்’ என்றே விட்டுவிடுகிறேன். பயணி கவுன்ட்டரில் தேடப்போவது அந்தப் பலகையைத்தான்.

எழுதி முடித்த பதிவை ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அந்த வேலை மாடிவீட்டுச் சொந்தக்கார அம்மாவுடையது. சென்ற முறை ‘செக்’ பதிவைப் படித்துவிட்டு, ‘எல்லாம் சரி, தையற்காரர் சட்டையில் செக்கிங் பொருந்தவில்லை என்கிறாரே, அது எங்கே?’ என்று கேட்டார். பக்கத் தையலில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டுமே, அதைச் சொல்கிறார்கள். எங்களிடம் அந்த அட்டை இல்லை. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் எழுதிக்கொண்டோம்.